வாய்க்கால் முகாமின் எட்டாம் நாள்

1995 மே 17, புதன்கிழமை. சேவை முகாமின் எட்டாவது நாள். ஐந்து மணிக்கு விசில். ஐந்தரைக்கு டீயும் இரண்டு பன்னும். ஐந்தே முக்காலுக்கு வருகைப் பதிவு எடுத்தேன். நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் வேலைக்குத் தயார். ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு, இன்னொருவனுக்கு அன்று சமையல் முறை. ஆறு மணிக்கு மண்வெட்டிகளை எண்ணி எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் புறப்பட்டோம். வெயில் ஏறுவதற்குள், பத்தரை மணிக்கு வேலையை முடித்துவிடுவது வழக்கம்.

நாங்கள் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். டிசம்பரில் நடக்க வேண்டிய பத்து நாள் முகாம் மழையால் தள்ளிப்போய் மே மாதத்தில் வைக்கப்பட்டது. கடைசி வருடத் தேர்வு முடிந்தவர்களும் சான்றிதழுக்காக வந்திருந்தோம். நீடாமங்கலத்திலிருந்து நான்கு மைல் தள்ளி ஒரு கிராமம். அங்கிருந்த ஆரம்பப் பள்ளியில் தங்கல். ஜூனில் ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் ஒரு கிளை வாய்க்காலைத் தூர்வாரிக் கொடுப்பது எங்கள் வேலை. ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் காட்டாமணக்கு மண்டி, அங்கே வாய்க்கால் இருப்பதே தெரியாமல் கிடந்தது.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று முகாம் நாட்குறிப்பை எழுதும் பொறுப்பைப் பேராசிரியர் எனக்குக் கொடுத்திருந்தார். பக்க எண் அச்சடித்த நீளமான நோட்டு. நடந்ததை நடந்த உடனே, மணி போட்டு எழுத வேண்டும் என்பது அவர் உத்தரவு. எனக்கும் அதுதான் இயல்பு. அதனால் அந்த நோட்டு எப்போதும் என் இடுப்பில் செருகியிருக்கும். என் சொந்த டைரி வேறு. இதை இப்போது அந்த டைரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். முகாம் நோட்டு என்னிடம் இல்லை.

முதல் நாள் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்ல வேண்டும். வாய்க்காலில் இறங்கியபோது கரையோரமாக, இத்தனை தூரத்துக்கு ஒன்று என்று மூங்கில் முளைகள் அடித்திருந்தன. சிலவற்றில் துணிக்கிழிசல் கட்டியிருந்தது, சிலவற்றில் பனையோலை. மண்ணை வெட்டத் தொடங்குமுன் கடைசி மதகு வரை நெடுக நடந்து, கைக்கு வந்த காட்டாமணக்கோடு சேர்த்து அவற்றையும் பிடுங்கினோம். மண்வெட்டிக்கு இடைஞ்சல் என்பதைத் தவிர வேறொன்றும் எங்களுக்குத் தோன்றவில்லை. 'இருபத்துமூன்று முளைக்குச்சிகள் அகற்றப்பட்டன' என்று நான் எழுதினேன். நன்றாகக் காய்ந்த மூங்கில். சமையல் அடுப்புக்கு இரண்டு நாள் வந்தது.

அந்த முளைகள் காலனிக் குடும்பங்களின் எல்லை. அந்த ஊரில் ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் வருமுன் வாய்க்காலை வெட்டுவது காலனிக்காரர்கள். எந்த முளையிலிருந்து எந்த முளை வரை எந்தக் குடும்பம் என்பது அவர்கள் தாத்தா காலத்திலேயே தீர்ந்துபோன விஷயம். நிலம் ஒருவருக்கும் கிடையாது. தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது வாய்க்காலில் அந்தப் பங்கு மட்டும்தான். நடவுக்கு இரண்டு மாதம் இருக்கிற மே மாதத்தில் அவர்களுக்கு வேறு கூலியும் இல்லை.

பேராசிரியர் பொருளாதாரம் நடத்துபவர், நல்ல மனிதர். முகாமுக்கு முன்பே இரண்டு முறை அந்த ஊருக்குப் போய் அனுமதி கேட்டிருந்தார். ஊராட்சித் தலைவரைக் கேட்டார், கோயில் தர்மகர்த்தாவைக் கேட்டார், மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரைக் கேட்டார், வாய்க்காலின் இரு பக்கமும் நிலம் வைத்திருந்த மிராசுதாரைக் கேட்டார். மிராசுதார் மிகவும் சந்தோஷப்பட்டார். இப்போதெல்லாம் ஆளே கிடைப்பதில்லை, இளவட்டம் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டது, மிச்சம் சிங்கப்பூர், துபாய் என்று திரிகிறது என்றாராம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி காலனியில் இருந்தது. அங்கே போய் யாரையும் கேட்க வேண்டும் என்று பேராசிரியருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

என் அறை நண்பன் முகாமுக்கு ஒரு நாள் தாமதமாக வந்தான். பாஸ்போர்ட் விண்ணப்ப வேலையாகத் திருச்சி போயிருந்தான். திருவாரூர் பக்கத்தில் ஒரு கிராமம் அவனுக்கு, அங்கேயும் காலனித் தெரு. அக்காள் கணவர் சவூதியில், தம்மாமில் கொத்து வேலை. அவர் முயற்சியில், அங்கே கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் கடையில் கணக்கு எழுதும் வேலைக்கு இவனுக்கு விசா வந்திருந்தது. ஜூன் கடைசிக்குள் பாஸ்போர்ட் கைக்கு வந்தால்தான் அந்த விசா. உள்ளூர் காவல் நிலையத்திலிருந்து இவன் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று அறிக்கை போக வேண்டியது மட்டும் பாக்கி. அது ஏன் இன்னும் போகவில்லை என்பதைத் தவிர அந்த மாதம் அவன் வேறெதையும் நினைக்கவில்லை. அப்புறம் ஏன்டா முகாமுக்கு வந்தாய் என்று கேட்டதற்கு, வீட்டில் உட்கார்ந்து போஸ்ட்மேன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது தேவலை என்றான்.

அவன் வந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. முதல் நாள் நாங்கள் முப்பது மீட்டர் கூட முடிக்கவில்லை, கை முழுக்கக் கொப்புளம். மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது, மண்ணை எந்தச் சரிவில் போட்டால் மறுபடி உள்ளே சரியாது, யார் வெட்டுவது, யார் சட்டி வாங்குவது என்று அவன்தான் ஆள் பிரித்து நிறுத்தினான். அடுத்தடுத்த நாட்களில் நாளுக்கு இருநூற்றைம்பது மீட்டர் வரை போனோம். காலனிக்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். காலேஜ் பையன்கள் நாலு நாள் விளையாடிவிட்டுப் போவார்கள், மிச்சமெல்லாம் உங்களுக்குத்தான் என்று மிராசுதாரின் காரியஸ்தர் அவர்களிடம் சொல்லியிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. எட்டாம் நாள் காலையில் மிச்சம் இருந்தது கடைமடையில் நூற்றைம்பது மீட்டர்.

அன்று முந்தின நாள் வெட்டிய கரையைச் சரிசெய்துவிட்டு ஏழரை மணிக்கு நாங்கள் போனபோது அந்த நூற்றைம்பது மீட்டரின் தொடக்கத்தில், வாய்க்காலுக்குள், ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கரைமேல் ஏழெட்டு ஆண்கள், ஆளுக்கொரு மண்வெட்டியோடு. முன்னால் இருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"இந்த ஒதிய மரத்துலேருந்து அந்த மதகு வரைக்கும் எங்க பங்கு தம்பி. என் மாமனார் அடிச்ச முளை. அத எங்க போட்டீங்க?"

எங்களில் ஒருவன் பின்னாலிருந்து சொன்னான்: "அடுப்புல வச்சு சோறாக்கிட்டோம்க்கா. நல்லா வெந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. முளையா, என்ன முளை என்று என்னைக் கேட்டான். சொன்னேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினான். பேராசிரியர் தஞ்சாவூர் போயிருந்தார், ஒன்பது மணிக்குத்தான் வருவார். வேலையை நிறுத்திவிட்டுப் பள்ளிக்குத் திரும்பலாம், அவர் வந்து பேசட்டும் என்று அவன் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே காரியஸ்தரின் மொபெட் சத்தம் கேட்டது.

காரியஸ்தர் கனத்த உடம்புக்காரர். கையில் புங்கங்கழி. எங்களைப் பார்த்து, நீங்க வெட்டுங்க தம்பி, இதுங்களை நான் பார்த்துக்கறேன் என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏந்திரிடி. தர்மத்துக்கு வேலை செய்ய வந்த புள்ளைங்கள மறிக்கிறியா?" என்றார். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. "எங்க கூலியில எதுக்குங்க உங்க தர்மம்?" என்று கேட்டார்.

காரியஸ்தர் வாய்க்காலில் இறங்கினார். முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது அடியைத் தடுக்க அந்தப் பெண் இடது கையைத் தூக்கினார். எலும்பு முறிகிற சத்தம் பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது. பச்சைக் கொம்பை ஒடித்த மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள். அப்படி இல்லை. ஓடு மிதிபட்டு உடைந்த மாதிரி இருந்தது.

மூன்றாவதாக அவர் கழியை ஓங்கும்போது என் நண்பன் பின்னாலிருந்து மண்வெட்டியைத் திருப்பி, தகட்டின் முதுகுப் பக்கத்தால் அவர் காதுக்குக் கீழே அடித்தான். அவர் சேற்றில் முகம் குப்புற விழுந்தார். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. விழுந்து கிடந்தவரைத் தோளில் ஒரு முறை, விலாவில் ஒரு முறை அடித்தான். விலாவில் விழுந்தபோது அவர் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது, சத்தம் வரவில்லை. நான்காவது முறை ஓங்கியபோது அந்தப் பெண்ணின் கணவர் கரையிலிருந்து குதித்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார். செத்துருவான்டா, விடு என்றார்.

மணி ஏழு ஐம்பது. நோட்டை எடுத்து எழுதினேன். யார், யாரை, எதனால், எத்தனை முறை. என் நண்பன் பெயரையும் எழுதினேன். ஏன் அப்போதே எழுதினேன் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். வழக்கம் அப்படி என்றுதான் சொன்னேன்.

பள்ளிக்குத் திரும்பினோம். எட்டு நாற்பதுக்கு மிராசுதாரின் டிராக்டர் வந்து வாசலில் நின்றது. டிரெய்லரில் பன்னிரண்டு பேர். கம்புகள், ஒரு சைக்கிள் செயின், ஒருவன் கையில் அரிவாள். அடித்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. காரியஸ்தரும் பார்க்கவில்லை, அடி பின்னாலிருந்து விழுந்தது. முகாமில் தகராறு என்று மட்டும் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். அதனால் கையில் அகப்பட்டவர்களை எல்லாம் அடித்தார்கள். வயிற்றுப்போக்கில் படுத்திருந்தவனை எழுப்பி அடித்தார்கள். சாம்பார் அண்டாவை உதைத்துக் கவிழ்த்தார்கள், சமையல் முறைக்காரனின் இரண்டு பாதங்களும் வெந்துபோயின. காலையில் அடுப்பைப் பற்றிச் சிரிப்புக் காட்டியவனின் முகத்தில் சைக்கிள் செயின் விழுந்தது. அவனுக்கு இன்றைக்கும் அந்தக் கண்ணில் பார்வை சரியில்லை.

நான் ஒன்றாம் வகுப்பு அறையில் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டேன். அங்கிருந்து ஜன்னல் வழியாக என் நண்பன் தெரிந்தான். அவன் ஓடவில்லை. கதவை மறித்துக்கொண்டு நின்றான். அரிவாள்காரன் அரிவாளைத் திருப்பிப் பிடித்து மொக்கைப் பக்கத்தால் அவன் உச்சந்தலையில் போட்டான். அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவனைத் தலைமுடியைப் பிடித்துக் கொடிக்கம்பம் வரை இழுத்துப் போய்ப் போட்டார்கள். எல்லாம் பன்னிரண்டு நிமிடம். பேராசிரியர் வந்தபோது டிராக்டர் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் அதன் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். அவரைச் சுற்றிக்கொண்டு ஓட்டிப் போனார்கள்.

அவர் வந்த வேனிலேயே காயம்பட்டவர்களை நீடாமங்கலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். என் நண்பனுக்கு ஒன்பது தையல். பாஸ்போர்ட் விஷயம் தெரிந்திருந்ததால், போலீஸ் பதிவில் பெயர் வராமலிருக்க அவன் மட்டும் மதகில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது, போலீஸ் வந்தால் உன்னைத்தான் படிக்கச் சொல்வார்கள், பார்த்துப் படி என்றார்.

பதினொன்றரைக்கு எஸ்.ஐ. வந்தார். காரியஸ்தரைத் தஞ்சாவூருக்குக் கொண்டு போயிருக்கிறார்கள், உயிருக்கு ஆபத்தில்லை, காது கேட்காது என்றார். டிராக்டரில் வந்தவர்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மாணவர்களை வரிசையாக நிறுத்தி, காரியஸ்தரை அடித்தது யார் என்று கேட்டார். எல்லோரும் பார்க்கவில்லை என்றார்கள். பிறகு நாட்குறிப்பைப் படிக்கச் சொன்னார். அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். நான் நின்றுகொண்டு படித்தேன். பெயர் வந்த இடத்தில் 'ஒருவர்' என்று படித்தேன்.

"ஒருவர்னா யாரு?"

"தெரியல சார். கூட்டமா இருந்துச்சு."

"மண்வெட்டியோட நின்னது யாரு யாரு?"

எங்களிடமும் இருந்தது, கரையில் நின்றவர்களிடமும் இருந்தது என்றேன். அது உண்மை. அந்த உண்மை அவருக்குப் போதுமானதாக இருந்தது. படிக்கிற பையன் எவனாவது இப்படி அடிப்பானா என்று பேராசிரியரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, காலனிக்கு ஆள் அனுப்பினார்.

அந்தப் பெண்ணின் கணவரைக் கூட்டி வந்தார்கள். மண்வெட்டியைப் பிடித்துத் தடுத்தபோது காரியஸ்தரின் ரத்தம் அவர் வேட்டியில் பட்டிருந்தது. நான் அடிக்கலைங்க, பிடிச்சுத்தான் விட்டேன், இந்தத் தம்பிங்களைக் கேளுங்க என்று அவர் எங்கள் பக்கம் கையைக் காட்டினார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் அவரிடமிருந்து நான்கடி தூரத்தில் நோட்டோடு நின்றேன். பள்ளிக்கூட பெஞ்சில் அவரைக் குப்புறப் படுக்க வைத்து, கணுக்காலை ஒரு போலீஸ்காரர் மடக்கிப் பிடிக்க, இன்னொருவர் லத்தியால் உள்ளங்காலில் அடித்தார். பதினான்கு அடி. பதினொன்று வரை அவர் கத்தினார். பிறகு அவரை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். நோட்டில் அதை எழுதவில்லை. எனக்கு நினைவு தெரிந்து, பார்த்ததை நான் எழுதாமல் விட்டது அதுதான் முதல் தடவை. இரவு என் டைரியில் எழுதிக்கொண்டேன்.

என் நண்பன் தலையில் கட்டோடு நாலரை பஸ்ஸில் திரும்பி வந்தான். நடந்ததைச் சொன்னேன். பதினான்கு அடியையும் சொன்னேன். அவன் கொடிக்கம்பத்தின் கீழே உட்கார்ந்துகொண்டான். முகாமை மறுநாளே முடித்துக்கொள்வதாகப் பேராசிரியர் அறிவித்தார். பையன்கள் பெட்டி கட்டத் தொடங்கினார்கள்.

ஆறு மணிக்கு அந்தப் பெண் வந்தார். கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. யாரையும் கேட்காமல் நேராக அவன் எதிரில் போய் நின்றார்.

"எனக்காக அடிச்சேன்னு சொல்லிறாத தம்பி. நான் உன்ன அடிக்கச் சொல்லல."

அவன் எழுந்து நின்றான்.

"மூணு நாளா உன் வெட்டப் பாத்தேன். நீ நம்ம தெரு ஆளுன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. இவங்களுக்குத் தெரியாது, சரி. உனக்கா தெரியாது வாய்க்கா யாரு வெட்டுவாங்கன்னு?"

"தெரியும்க்கா. ரெண்டாம் நாளே சார்கிட்ட கேட்டேன். ஆளே இல்லன்னு சொன்னாரு. நானும் நம்பிக்கிட்டேன்."

"அவருக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. கொலை முயற்சின்னு எழுதப்போறாங்களாம். ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு ஒத்தக்கையோட நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

கட்டுப்போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டார். பிறகு போய்விட்டார். அவன் என்னைக் கூப்பிட்டான்.

"நோட்டுல என் பேரு இருக்கா?"

"இருக்கு."

"கிழிச்சா?"

"பக்க நம்பர் போட்ட நோட்டுடா. கிழிச்சா தெரியும்."

"நீ ஒருத்தன் போதும்டா ஊரை உள்ள தள்ள," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அக்காள் கணவருக்கு எழுத வேண்டும் என்று இன்லாண்ட் லெட்டர் ஒன்று கேட்டான். கொடுத்தேன். மேலே தேதியும் 'அன்புள்ள மாமாவுக்கு' என்றும் எழுதிவிட்டு வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தான். வழக்கு என்று ஒன்று விழுந்தால் பாஸ்போர்ட் போச்சு, விசாவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், அம்மாவிடம் என்ன சொல்வது என்று என்னைக் கேட்டான். நீ ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம், மிராசுதார் எப்படியும் இரண்டு நாளில் ராஜியாகிவிடுவார் என்றேன். எனக்கு அப்படி ஒன்றும் தெரியாது. அவன் லெட்டரை எழுதாமலே மடித்தான். காலையில் ஐந்து மணிக்கு எழுப்பிவிடு என்று சொல்லிவிட்டுப் படுத்தான். ஐந்தே காலுக்குத் திருவாரூருக்கு முதல் பஸ். அதற்குத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். நினைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

மே 18, வியாழன். ஐந்து மணிக்கு எழுப்பினேன். தலைக்கட்டு நனையாமல் முகம் கழுவினான். பெட்டியை எடுக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வா என்றான். சாலைக்கு வந்தபோது திருவாரூர் பஸ் எங்களைக் கண்டு வேகத்தைக் குறைத்தது. அவன் போகச் சொல்லிக் கை காட்டினான். காவல் நிலையம் இரண்டு மைல். நடந்தே போனோம்.

எஸ்.ஐ. ஆறரை மணிக்குப் பனியனோடு பின்னாலிருந்த குடியிருப்பிலிருந்து வந்தார். பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு முதலில் என்னை அறைந்தார். என் மூக்குக்கண்ணாடி தெறித்துச் சுவரில் பட்டு உடைந்தது. "நேத்து படிக்கிறப்ப இந்தப் பேரு எங்கடா போச்சு?" என்றார். இரண்டாவது அறையில் வாய்க்குள் பல் கிழித்தது. பிறகு அவன் பக்கம் திரும்பினார். நான்தான் சார், மூணு அடி, அவரை விட்டுடுங்க என்றான் அவன்.

வெளியே விடுவதற்கு அரை மணி நேரம் எழுதினார்கள். அந்தப் பெண்ணின் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதங்கள் இரண்டும் ஊதி, செருப்பில் நுழையவில்லை. என் நண்பன் கை கொடுக்கப் போனான். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். அவனைச் சட்டையையும் பெல்ட்டையும் கழற்றச் சொன்னார்கள். இரண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். நோட்டை எஸ்.ஐ. வைத்துக்கொண்டார்.

நடக்க முடியாதென்பதால் அந்தப் பெண்ணின் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வேறு ஆள் அங்கே இல்லை. படியிறங்கி வேப்ப மரம் வரை வந்தபோது உள்ளே முதல் அடி விழுகிற சத்தம் கேட்டது. மணி ஏழு பத்து. அவர் நின்றார். ஒன்று, இரண்டு என்று நான் என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாவது அடிக்குப் பிறகு, நட என்றார். அவர் செருப்பை ஒரு கையிலும் அவன் சட்டையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு காலனி வரை அவரைக் கொண்டுபோய் விட்டேன்.